கமுவேலாவின் வலது கால்

மாகஹா கடற்கரையில் கமுவேலாவை முகத்தை வைத்து அடையாளம் சொல்பவர்களைவிட முதுகை வைத்துச் சொல்பவர்களே அதிகம். அகலமான முதுகு, இடது தோளுக்குக் கீழே பவளப்பாறை கீறிய நீளத் தழும்பு, பிடரியில் ஒட்டிய ஈரமுடி. பாறைமுனையில் எழும்பும் அலை அங்கே வலப்பக்கமாகவே உடைந்துகொண்டு ஓடும். இடது காலை முன்னால் வைத்து அலையேறும் பலகையில் நிற்பவனுக்கு அலையின் சுவர் முகத்துக்கு நேரே இருக்கும். கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவன் முதுகுதான் தெரியும். நாற்பத்தைந்து வருடமாகக் கமுவேலா அப்படித்தான் நின்றான்.

அந்த முதுகை எல்லாரையும்விட அதிகமாகப் பார்த்தவள் அவனுடைய அக்கா புவனானி. ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, கடைசியில் அதற்குத் தலைமையாக இருந்து ஓய்வுபெற்றவள். படிப்பு பத்தாவதோடு நின்றது. ஆனால் எதையும் அளந்து, எழுதி, தேதி போட்டு வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. தம்பி அலையேறிய படங்கள் மட்டும் ஏழு ஆல்பம் வைத்திருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாள், அலையின் உயரம், பலகையின் நீளம், காற்று எந்தப் பக்கம் என்று நான்கு வரி. கடற்கரைச் சாலைக்கு எதிர்ப்புறம் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மடக்கு நாற்காலி, தூரப்பார்வைக் கண்ணாடி, சோற்றுச் சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சீமைக்கருவேல மரத்தடிக்கு வந்துவிடுவாள்.

யாராவது புதிதாக வந்து, "அந்த ஆளு நிக்கிற அழகப் பாரேன்" என்று சொல்லிவிட்டால் போதும்.

"என் தம்பி" என்பாள். "அவன் காலை வச்சது நான்தான்."

அது பொய்யில்லை.

அவர்கள் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர். கடல் விஷயத்தில் அவருக்குச் சில கண்டிப்புகள் உண்டு. வலை வீசிவிட்டுத் திரும்பும்போதுகூட முகத்தைக் கடல்பக்கம் வைத்து, முழங்கால் தண்ணீர் வரைக்கும் பின்னோக்கியே நடந்து வந்து, பிறகுதான் திரும்புவார். வீட்டில் எல்லாரும் அப்படியே. வெளியூர்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால், "சிரிக்கட்டும், அவனுங்கள அலை தூக்கிப்போட்டா நாமதான் போய் எடுக்கணும்" என்பார். வார நாட்களில் அவர் இருட்டோடு கிளம்பிப் போய்விடுவதால் கமுவேலாவைக் கடலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புவனானியிடம் வந்தது. அவனுக்கு எட்டு வயது. அவளுக்குப் பதின்மூன்று.

முதல் நாளே அவன் வலது காலை முன்னால் வைத்து எழுந்து நின்றான். அப்படி நிற்பவர்களை அந்தக் கரையில் கோமாளிக்கால் என்பார்கள். வேறு கரைகளில் அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. மாகஹாவில், வலப்பக்கம் ஓடும் அலையில், அப்படி நின்றால் முதுகு கடலுக்கும் முகம் ஊருக்கும் இருக்கும். புவனானிக்கு அது பொறுக்கவில்லை. அப்பா பார்த்தால் என்ன சொல்வார்? தன் பொறுப்பில் விட்ட பிள்ளை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறானே?

அவள் பலகையின் மேல் சிவப்புச் சாயத்தால் இரண்டு பாதம் வரைந்தாள். இடது முன்னால், வலது பின்னால். அவன் விழுந்தான். எழுந்து மறுபடி வலதை முன்வைத்தான். அவள் பலகையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு நாளைக்கு ஐந்து அலை சரியான காலில் நிற்கும்வரை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது என்று சொன்னாள். அவன் பற்கள் அடித்துக்கொள்ள, மூக்கு ஒழுக, தண்ணீரில் நின்று அழுதான். ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. ஒரு நாள் அவன் கால் தானாகவே இடதை முன்னால் வைத்தது. அன்றைக்கு அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா நிக்கிறான்" என்றார். பதின்மூன்று வயதில் அவளுக்குக் கிடைத்த பட்டம் அது. அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

கமுவேலா வளர்ந்தபோது அந்தக் கரையில் அவனுக்கு ஈடு யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு பலகைக் கம்பெனி, தன் பெயரில் ஊர் ஊராகப் போய் ஓட்டுவதற்கு நான்கு இளைஞர்களைத் தேடியது. தேர்வு அவர்கள் தீவின் வடகரையில். கடைசி ஆறு பேரில் கமுவேலாவும் இருந்தான். அங்கே அலை இடப்பக்கம் உடையும். இடது காலை முன்வைப்பவனுக்கு அங்கே முதுகுப்பக்கம்தான் அலை. முதல் அலையில் தடுமாறினான். இரண்டாவதில் பாதியிலேயே விழுந்தான். மூன்றாவது அலை அவன் பார்க்காமலேயே தலைக்குமேல் வளைந்து, தூக்கி, பாறையில் தேய்த்தது. தோளில் பதினெட்டுத் தையல். ஒரு காதின் சவ்வு கிழிந்தது. தேர்வு செய்ய வந்த கம்பெனிக்காரர், "சொந்த ஊர்ல அழகா ஓட்டுவானாம். முதுகு திரும்பினா இவனுக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த பன்றிக்கறியும் சேப்பங்கிழங்குக் கூழும் வைத்துவிட்டு, "உனக்கு எதுக்குடா அந்த அலை? வாசல்லயே ஒண்ணு இருக்கு" என்றாள் புவனானி. அவன் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதில் அவளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அவன் எங்கும் போகவில்லை. குப்பை லாரியில் வேலைக்குச் சேர்ந்தான். பின்படியில் தொற்றிக்கொண்டு போய், இறங்கி, தொட்டியைக் கவிழ்த்து, மறுபடி ஏறும் வேலை. முப்பத்திரண்டு வருடம். கல்யாணம் ஆகி, மனைவி பக்கத்திலிருக்கும் பெரிய தீவிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வேலைக்கு முன்னும் பின்னும் கடல். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சோறு. கோபப்பட்டு ஒரு சொல் பேசியதாக லாரிக்காரர்கள்கூடச் சொல்லமாட்டார்கள்.

போன மார்ச் மாதம் படியிலிருந்து இறங்கும்போது வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே தசைநார் அறுந்துபோய் அறுவைச்சிகிச்சை. நடக்கலாம், நீந்தலாம், ஆனால் அந்த முழங்காலை மடக்கித் திருகி அதன்மேல் பாரம் போடக்கூடாது என்றார் மருத்துவர். பலகையில் பின்னால் இருக்கும் கால் செய்வதே அந்த வேலைதான். மடங்கித் திருகி, பாரத்தை வாங்கிக்கொண்டு பலகையைத் திருப்புவது. கமுவேலா ஏழு மாதம் கரையில் உட்கார்ந்திருந்தான். அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில், மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு. ஒருநாள் பலகைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான்.

"கொடுத்துட்டு?" என்றாள் புவனானி.

"உன்ன மாதிரி நாற்காலி வாங்கிக்கிறேன்."

"அந்த வயசு உனக்கு வர இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. எந்திரி, தட்டக் கழுவு."

நவம்பரில் முதல் பெரிய அலைகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். உயிர்காப்புக் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த பென்னிதான் முதலில் பார்த்தான். பென்னி அவனோடு பள்ளியில் படித்தவன்.

"அக்கா, உங்க தம்பிக்கு மண்ட கழண்டிருச்சு. இந்தக் காலை வச்சுக்கிட்டு உள்ள போறான்" என்று மேலேயிருந்து கத்தினான்.

புவனானி தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்தாள். பெரிய அலைகளுக்கு நடுவே இடுப்பளவு அலை ஒன்று வந்தது. கமுவேலா கைகளால் தண்ணீரைத் தள்ளினான், எழுந்தான். வலது கால் முன்னால்.

விழுந்தான். அடுத்ததிலும் வலது கால். விழுந்தான். மூன்றாவது அலையில் நின்றான். வலியெடுக்கும் முழங்கால் அதிகம் மடங்காமல் முன்னால் இருந்தது. இடது கால் பின்னால் நின்று பலகையைத் திருப்பியது. அலை வலப்பக்கமாக ஓடியது. அவன் கரையைப் பார்த்தபடி வந்தான்.

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. நெற்றி சுருங்கியிருந்தது. பிறகு அது விரிந்து, எட்டு வயதுப் பிள்ளைபோல ஒரு சிரிப்பு வந்தது. அலையில் இருக்கும்போது தம்பியின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஏழு ஆல்பத்தில் ஒரு படம்கூட அப்படி இல்லை. அவள் கேமராவை எடுக்க மறந்துபோனாள்.

வெளியே வந்தவன் நொண்டிக்கொண்டே ஓடிவந்தான்.

"அக்கா, கரை தெரியுதுக்கா. உன் வீட்டுக் கூரையில ரெண்டு தகரம் தூக்கிக்கிட்டு நிக்குது தெரியுமா?"

"ரெண்டா?"

"மூணு. பென்னி கோபுரத்துல தூங்குறதும் தெரியுது. இந்த ஊரு இப்படியொரு இடத்துல இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"நான் தூங்கல" என்றான் மேலேயிருந்து பென்னி. "டேய், காலை மாத்தி நிக்கிறதுன்னா ரெண்டு வருஷம் ஆகும். இடது கையால எழுதுற மாதிரி. நீ எப்படிடா மூணாவது அலையிலயே நின்ன?"

"அதுதான் எனக்கும் புரியல. முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருக்கு." கமுவேலா துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான், "பத்தொம்பது வயசுல இது தெரிஞ்சிருந்தா அந்த வடகரை அலைய நேருக்கு நேரா பாத்திருப்பேன்."

பென்னி சிரித்தான். கமுவேலாவும் சிரித்தான். புவனானி சட்டியைத் திறந்து சோறு போட்டாள். தம்பியின் தட்டில் மட்டும் இரண்டு அகப்பை அதிகமாக விழுந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சின்னச் சின்ன விஷயமெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. அவன் லாரிப் படியில் எப்போதும் வலது காலை முன்னால் வைத்துத்தான் ஏறியிருக்கிறான். சின்ன வயதில் ஈரச் சிமெண்டுத் தரையில் சறுக்கி விளையாடும்போது வலது கால்தான் முன்னால் போகும். கல்யாணத்தன்று நண்பர்கள் விளையாட்டாக முதுகில் தள்ளியபோது வலது காலை எடுத்துவைத்துத்தான் சமாளித்தான். எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கமுவேலாவுக்கு எதுவும் நினைவில்லை. எட்டு வயதில் நடந்தது. அழுதது, சிவப்புப் பாதம் எல்லாம் போய்விட்டது. தன் கால் பிறவியிலேயே இடது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தான்; அக்கா காலை வைத்தாள் என்றால் நிற்கச் சொல்லிக்கொடுத்தாள் என்றுதான் அவனுக்கு. அவள் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. இரண்டு வாரம் அவள் அப்படியே இருந்தாள். அவனோ ஒவ்வொரு நாளும் கரையேறி வந்து அதே கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தான். "எப்படிக்கா இவ்வளவு சுளுவா வருது? உடம்புக்குள்ள வேற எவனாவது இருக்கானா?" என்று கேட்பான். அவள் உப்பு போதுமா என்று பதிலுக்குக் கேட்பாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவன் தட்டோடு மணலில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்.

"கமு, உடம்புக்குள்ள வேற எவனும் இல்ல. நீதான்."

"என்னது?"

"உன் காலு வலதுதான். முதல் நாளே வலத முன்னால வச்சுத்தான் எந்திரிச்ச. நான் மாத்தினேன்."

அவன் மீன்துண்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான். "ஏன்?"

"கடலுக்கு முதுகக் காட்டுறியேன்னு. அப்பா என்ன சொல்லுவாரோன்னு."

"அப்பா சொன்னாரா?"

அவள் சட்டியின் மூடியைப் போட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். அப்பா வந்து மறுக்கப்போவதில்லை.

"இல்ல. அவருக்கு நீ எந்தக் காலுன்னே தெரியாது. நானா நினைச்சுக்கிட்டேன்."

"எத்தன நாளு ஆச்சு மாத்துறதுக்கு?"

"முப்பத்தி நாலு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "எண்ணி வச்சிருக்கியா?"

"எழுதி வச்சேன். பள்ளிக்கூட நோட்டுல."

"நான் அழுதேனா?"

"அழுத."

அவன் தட்டைப் பக்கத்தில் வைத்தான். சோறு பாதி இருந்தது. கமுவேலா தட்டில் சோறு மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

"வடகரையில அந்த மூணாவது அலை" என்றான். "பின்னால அது வளையிற சத்தம் கேட்டுச்சுக்கா. நல்லா கேட்டுச்சு. திரும்பிப் பாக்கணும்னு தோணுச்சு. உடம்பு திரும்பல. என்னடா இது, வேற யாரோட உடம்புலயோ நிக்கிற மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். பயத்துல அப்படித் தோணுதுன்னு இத்தன வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன். நான் பயந்தாங்கொள்ளின்னு."

"கமு."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்போவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்போ எனக்கே தோணல. சத்தியமா தோணல. நான் நல்லது செஞ்சதாத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"ஆமா" என்றான் அவன். குரலில் சூடு இல்லை. "ஊரு பூரா சொல்லிக்கிட்டிருந்தியே, என் காலை நீதான் வச்சேன்னு. எனக்கு அது பெருமையா இருந்துச்சு."

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு, நொண்டியபடி லாரித் தோழர்கள் வண்டி நிறுத்தியிருந்த பக்கம் போனான். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் அந்தத் தட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மிச்சத்தை எடுத்துச் சட்டியிலேயே கொட்டினாள். அந்தச் சட்டியைக் கழுவவும் மனம் வராமல் அடுப்படியில் இரண்டு நாள் மூடிவைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் சோற்றுக்கு வரவில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் இல்லை. புவனானி போன் செய்யவில்லை. என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அவன் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிடுவான், அவன் சுபாவம் அப்படி. அந்தப் பரவாயில்லையை வாங்கி அவள் என்ன செய்வாள்? நடுவில் ஒருநாள், அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ ஏறிக் கூரைத் தகரம் மூன்றையும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆணிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தன. அவள் கீழே நின்று எண்ணிப் பார்த்தாள். யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கவில்லை.

நான்காவது ஞாயிறு பகல் பத்து மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். அலை தலைக்குமேல் ஓர் ஆள் உயரம். காற்று கரையிலிருந்து கடலுக்கு. கமுவேலா ஏற்கெனவே தண்ணீரில் இருந்தான்.

வலது காலில் அவன் இப்போது நன்றாகத் தேறியிருந்தான். தேறியிருந்தான் என்பது சரியான சொல் இல்லை. இடது காலில் அவன் ஓட்டியது ஊர் மெச்சும் ஓட்டம். ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல இருக்கும். இது அப்படி இல்லை. பலகை அவன் நினைப்பதற்கு முன்னாலேயே திரும்பியது. கைகள் எங்கே போகவேண்டும் என்று கேட்காமல் போயின. ஐம்பத்து மூன்று வயதில், அறுத்துத் தைத்த முழங்காலோடு, முதுகுப்பக்கம் அலையை வைத்துக்கொண்டு அவன் ஓட்டுவதைப் பார்க்க, சாலையில் போன வண்டிகள் ஓரம் கட்டின. அப்படியானால் இருபது வயதில் எப்படி இருந்திருக்கும்? அவள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முயன்று, முடியாமல் விட்டாள்.

அலை அவனை மரத்தடிக்கு நேராகக் கொண்டுவந்தது. முகம் கரைப்பக்கம் இருந்தது. கரையிலிருந்து அதிகத் தூரம் இல்லாத இடம், அவன் கண் திறந்திருப்பது கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. அவள் கையைப் பாதி தூக்கினாள். சரியாக அந்த இடத்தில் அவன் கழுத்தைத் திருப்பி, வலது தோளுக்குமேல், பின்னால் வரும் அலையைப் பார்த்தான். அவளைக் கடந்து போனபிறகுதான் கழுத்து மறுபடி கரைப்பக்கம் திரும்பியது.

அப்படி நிற்பவர்கள் அலையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித்தான் ஆகவேண்டும். அது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் அலை வேகமாக வளைகிறது என்பதும் தெரியும். அதனால் இருக்கலாம். அவள் எண்ண ஆரம்பித்தாள். ஆறு அலை. ஆறு தடவையும் அதே இடம்.

பென்னி கோபுரத்திலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குந்தினான்.

"சோறு வாசன வருது."

"இருக்கு. எடுத்துக்கோ."

அவன் மூடியைத் திறந்துகொண்டே, "அக்கா, அங்க சாலையோரம் நிக்கிற பசங்க கேக்குறானுங்க, இவருக்கு யாரு சொல்லிக்குடுத்ததுன்னு. உங்களக் காட்டினேன். இப்ப வருவானுங்க பாருங்க, உங்ககிட்ட கேக்க" என்றான்.

நான்கைந்து பேர் ஈரப் பலகைகளோடு மரத்தடியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். புவனானி மடியிலிருந்த தூரப்பார்வைக் கண்ணாடியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"என் பேரச் சொல்லாத பென்னி."

"ஏன்? நீங்கதான அவன் காலை..."

"அது அவன் காலு. முதல்லேருந்தே அவன் காலு அதுதான். நாப்பத்தஞ்சு வருஷம் நான் குறுக்க நின்னுட்டேன். அவனுங்க வந்தா இதையே நானும் சொல்றேன்."

பென்னி அகப்பையோடு அவளைப் பார்த்தான். விளையாட்டா என்று பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. பையன்கள் வந்து சேர்ந்தார்கள். அவள் சொன்னாள். பதின்மூன்று வயதில் தான் செய்ததை, சிவப்புச் சாயத்தை, முப்பத்தி நாலு நாளை, ஒன்றையும் விடாமல், வரிசையாக, நின்றபடியே சொன்னாள். ஒருவன் மட்டும், "சின்னப் பிள்ளதான ஆன்ட்டி நீங்களும்" என்றான்.

"ஆமா, சின்னப் பிள்ளதான்" என்றாள் புவனானி. "அவன் என்னவிடச் சின்னப் பிள்ள."

அவர்கள் தலைக்குப் பின்னால் ஏழாவது அலை எழும்பியது.

"நகருங்க தம்பி" என்றாள். "மறைக்குது."

அவர்கள் நகர்ந்தார்கள். கமுவேலா வந்துகொண்டிருந்தான். அந்த இடம் வந்ததும் கழுத்து திரும்பியது. அவள் இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை. அவன் பார்க்காவிட்டாலும் அந்த முகத்தின் ஒரு பக்கம் தெரிந்தது. அதை, அலை ஓடி முடிகிறவரைக்கும், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.